முப்பத்து மூன்றாம் பக்கம் முதல் நாற்பத்தெட்டாம் பக்கம் வரை

வியாழக்கிழமை மத்தியானம்
நூலகப் பின்னறை

அன்பும் பொறுமையும் ஒருசேரப் பெற்ற அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே என்னைத் தவிர அனைவரும் நலம். அங்கே நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வருகிற திங்கட்கிழமைக்குப் பிறகும் இருவரும், முக்கியமாக அத்தான், முழுசாக நலமாக இருக்க வேண்டும் என்று ஆண்டவனை மன்றாடிக்கொண்டிருக்கிறேன். இதைப் படித்ததும் பதறாதே. பதற வேண்டியதையெல்லாம் நான் ஒருவனே இங்கே உட்கார்ந்து பதறிக்கொண்டிருக்கிறேன். வாசல் கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்து படி. அத்தான் வீட்டில் இருந்தால் கடிதத்தை அலமாரியில் துணிகளுக்கு அடியில் தள்ளிவிட்டு, அவர் வேலைக்குக் கிளம்பிய பிறகு எடுத்துப் படி.

இதற்கு ஒரு ஃபோன் போதாதா என்று கேட்பாய். அத்தான் நாலு மாதமாக என் ஃபோனை எடுப்பதில்லை. காரணம் எனக்குத் தெரியும், கீழே சொல்கிறேன். உனக்குப் பண்ணலாம் என்றால், நீ ஃபோனை லவுட்ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் ஹலோ என்பாய். செவ்வாய்க்கிழமை எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் உன்னைக் கூப்பிட்டேன். நீ ஹலோ என்றாய், பின்னாலேயே அத்தானின் இருமல் கேட்டது. "அங்க மழையா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். முப்பத்தோரு வருஷமாக அந்த மனிதர் இருமினாலே நான் எழுந்து நிற்கிறேன், இனிமேல் மாறவா போகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நாலு மாதத்துக்கு முன்னால் நீ ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? அத்தான் சலவை ஆலைக் கொதிகலன்களைப் பார்த்துக்கொண்ட இருபத்திரண்டு வருஷ அனுபவத்தை உட்கார்ந்து எழுதி, ஆலையே அச்சடித்துக் கொடுத்த கையேடு. கொதிகலன் அறையில் ஆணியில் தொங்கி, நீராவி பட்டுப் பட்டு முதுகு பிரிந்து, பக்கம் பக்கமாக உதிர்ந்துகொண்டிருந்தது. "அவருக்குத் தெரியாம எடுத்துட்டு வந்தேன்டா, சாயங்காலத்துக்குள்ள தைச்சுக் குடு, பாத்து அசந்து போகணும்" என்று சொன்னாய். நானும் அன்றைக்கே தைத்துக் கொடுத்தேன். அசந்து போவார் என்று நீ சொன்னது பலித்திருந்தால் அதற்கு முழுப் பொறுப்பும் நான்தான்.

அன்றைக்கு என் மேஜையில் இன்னொரு புத்தகமும் கிடந்தது. நூலகத்தில் ஒரே பிரதியாக இருக்கிற பழைய நாவல். மறு அச்சு கிடையாது, வேறு எங்கும் கிடைக்காது. அதை வாசகர் வட்டத்தில் படிக்கப் போகிறார்கள் என்று நூலகர் அம்மா தைக்கக் கொடுத்திருந்தார். புத்தகம் தைப்பது எப்படி என்று உனக்குத் தெரியாது, சொல்கிறேன், அப்போதுதான் என் பக்கத்து நியாயம் புரியும். பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு மடிப்பு. பழைய நூலைப் பிரித்து, மடிப்பு மடிப்பாகக் கழற்றி, கிழிசலுக்கு ஒட்டுப் போட்டு, காயவைத்து, மறுபடி வரிசையாக அடுக்கித் தைக்க வேண்டும். இரண்டு புத்தகமும் ஒரே அளவு. இரண்டிலும் ஒரே மாதிரி பழுத்துப்போன தாள். இரண்டின் மூன்றாவது மடிப்பும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தன. தைப்பதற்கு முன் நான் பக்க எண்ணைப் பார்ப்பேன், தவறாமல் பார்ப்பேன், அன்றைக்கும் பார்த்தேன். முப்பத்திரண்டுக்குப் பிறகு முப்பத்து மூன்று. நாற்பத்தெட்டுக்குப் பிறகு நாற்பத்தொன்பது. இரண்டு புத்தகத்திலும் கன கச்சிதம். எண் சரியாக இருந்தால் போதும் என்று தைத்துவிட்டேன். இத்தனை வருஷமும் புத்தகங்களில் நான் படித்தது மூலையில் இருக்கிற எண்ணை மட்டும்தான் அக்கா, மற்றதைப் படிக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

அந்த வேறு ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சனிக்கிழமை மத்தியானமும் வாசகர் வட்டம் என் அறையில்தான் கூடுகிறது, ஏனென்றால் இந்தக் கட்டடத்தில் பெரிய மேஜை என்னுடையது ஒன்றுதான். நூலகர் அம்மா, ஒரு பல் டாக்டர், பக்கத்துத் தெருவில் தையல்கடை வைத்திருக்கிற அம்மா, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், இவ்வளவு பேர்தான். வாத்தியார் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் "ஆனால்" என்றுதான் ஆரம்பிப்பார், வணக்கம் சொன்னால்கூட. டாக்டர் நாள் முழுக்கச் சொத்தைப் பல்லின் பொந்தைப் பார்க்கிறவர், அதனால் எல்லாமே உள்ளே வெறும் பொந்து என்கிற முடிவுக்கு வந்துவிட்டார். அவர்கள் எழுத்தாளர்களைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால் எல்லோரும் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி இருக்கும். இன்னார் பொண்டாட்டிக்குப் பயந்துதான் துறவைப் பற்றி எழுதினார், இன்னார் மூன்றாவது புத்தகத்திலேயே முடிந்துபோனார், அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் பழக்கதோஷம் என்பார்கள். பசை காயும்வரை எழுந்து போக முடியாததால் நானும் கேட்டுக்கொண்டிருப்பேன். ஆறு மாதத்துக்கு முன் ஒருநாள் நூலகர் அம்மா திரும்பி, "நீங்களும் நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காருங்களேன், நீங்க தைக்கலேன்னா நாங்க எதைப் படிக்கிறது?" என்றார். அக்கா, உனக்குச் சொல்வதற்கென்ன, பசைக் கையைக்கூடத் துடைக்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டேன். பத்தாவது தாண்டாதவனை டாக்டருக்குப் பக்கத்தில் உட்காரவைத்து அபிப்பிராயம் கேட்கிறார்கள். வாழ்க்கையில் யாரும் என்னிடம் அபிப்பிராயம் கேட்டதில்லை, என் கல்யாணத்தில்கூட.

வட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. பிரதி ஒன்றே ஒன்று என்பதால் முறை வைத்துப் படிப்பார்கள். கடைசி ஆள் படித்து முடிக்கும்வரை யாரும் அந்தப் புத்தகத்தைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. கடைசி ஆள் நான். போன வாரம் புதன்கிழமை சாப்பிட்டுவிட்டு அந்த நாவலைப் பிரித்தேன். கதாநாயகன் பெரிய துக்கத்தில் இருக்கிறான். எதற்கு என்று எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை, இருந்தாலும் அவனோடு சேர்ந்து நானும் துக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். முப்பத்திரண்டாம் பக்கத்தின் கடைசி வரியில் அவன் அறைக் கதவைச் சாத்திவிட்டுத் தனக்குள் சொல்லிக்கொள்கிறான். என்ன சொல்லிக்கொள்கிறான் என்று பக்கத்தைத் திருப்பினேன். "வால்வைத் தொடும் முன் இரண்டடி தள்ளி நில். முகத்தை நேராகக் காட்டாதே. சொன்னது புரிந்ததா?" என்று இருந்தது.

நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். எங்கோ கேட்ட குரல். செருப்பை அங்கே கழற்றாதே, ஸ்விட்சை ஈரக் கையால் தொடாதே என்று உன் வீட்டுக் கூடத்தில் நின்று என்னை மிரட்டுகிற அதே குரல். பதினாறு பக்கமும் அத்தான். ஒரு வரிகூட நாவல்காரர் இல்லை.

சரி, சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று ஒரு துண்டுத் தாளில் நாலு வரி எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் தொண்டையைக் கனைப்பதற்குள் டாக்டர் ஆரம்பித்துவிட்டார்.

"மூணாவது அத்தியாயத்தைப் படிச்சப்ப ரெண்டு பேஷன்ட்டை வெளியில உக்கார வெச்சுட்டேன். 'இரண்டடி தள்ளி நில்'. என்ன ஒரு வரி! முதல் அடி ஆசையிலேர்ந்து தள்ளி நிக்கறது. ரெண்டாவது அடி, ஆசையை விட்டுட்டேங்கற கர்வத்திலேர்ந்து தள்ளி நிக்கறது."

"ஆனால், 'முகத்தை நேராகக் காட்டாதே'ங்கறாரே, அது கோழைத்தனம் இல்லையா டாக்டர்? உண்மையை நேருக்கு நேர் பாக்கணும்னுதானே எல்லாத் தத்துவமும் சொல்லுது?" என்றார் வாத்தியார்.

"உண்மைங்கறது நீராவி மாதிரி சார். நேரா போய் நின்னா முகம் வெந்துடும்."

அது மாதிரி இல்லை அக்கா, அது நீராவியேதான். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தையல்கடை அம்மா, "எனக்கு இதெல்லாம் பேசத் தெரியாது, இந்த இடத்தை மட்டும் படிக்கட்டுமா?" என்று கேட்டு, விரலை வைத்துக்கொண்டு படித்தார். "கண்ணாடியில் தண்ணீர் மட்டம் தெரியவில்லை என்றால் பயந்துபோய்ச் சட்டென்று குளிர்ந்த தண்ணீரை விடாதே. வறண்டு கொதித்துக் கிடக்கிற பாத்திரத்தில் பச்சைத் தண்ணீர் பட்டால் பாத்திரமே வெடிக்கும். நல்லது செய்வதாக நினைத்துத்தான் எல்லோரும் ஊற்றுகிறார்கள். முதலில் நெருப்பைக் குறை. பிறகு காத்திரு." படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். இந்த அம்மாவுக்கும் அவர் மகளுக்கும் ஒன்றரை வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஏதோ ஒரு சண்டை, நடுவில் இவர் சமாதானமாக ஒரு வார்த்தை சொல்லப் போய் அது அப்படியே முறிந்துவிட்டது. "நல்லதுன்னு நெனச்சுத்தான் நானும் ஊத்தினேன்" என்று மட்டும் சொன்னார். வாத்தியார்கூட ஆனால் சொல்லவில்லை. அந்த நேரத்தில் போய், அம்மா, அது சலவை ஆலைக் கொதிகலனுக்கு எழுதியது, நான்தான் மாற்றித் தைத்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? துண்டுத் தாளைப் பைக்குள்ளேயே கசக்கிவிட்டேன்.

என் ஒரே நம்பிக்கை நூலகர் அம்மா. அவர் கல்லூரியில் படிக்கும்போதே இந்த நாவலைப் படித்தவர், நிச்சயம் கண்டுபிடிப்பார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பெருமூச்சு விட்டு, "அப்பப் படிச்சதுக்கும் இப்பப் படிக்கிறதுக்கும் எவ்வளவு வித்தியாசம்! வேற புத்தகம் மாதிரியே இருக்கு. புத்தகம் மாறல, நாமதான் மாறிடறோம்" என்றார். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நானும் தலையாட்டினேன். தலையாட்டும்போதுதான் அக்கா எனக்குச் சுருக்கென்றது. அத்தானின் பதினாறு பக்கம் இங்கே இருக்கிறது என்றால், நாவல்காரரின் பதினாறு பக்கம் எங்கே?

அது கொதிகலன் பக்கத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

மெல்ல, யாருக்கும் சந்தேகம் வராதபடி, "அம்மா, அப்ப படிச்சப்ப அந்த மூணாவது அத்தியாயத்துல என்ன இருந்த மாதிரி உங்களுக்கு ஞாபகம்?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "அதுவா? அவன் நாற்காலியில உக்காந்துட்டு எதையும் செய்யாம இருப்பான். ஏறுவது ஏறட்டும், கொதிப்பது கொதிக்கட்டும், தடுக்க நீ யார், எழுந்திருக்காதேன்னு பக்கம் பக்கமா வரும். அந்த வயசுல எனக்கு அப்படித்தான் தோணியிருக்கு பாருங்க" என்றார்.

எனக்குக் கண் இருட்டிவிட்டது. ஏனென்றால் போன மாதம் நீ என்ன சொன்னாய்? கொதிகலன் அறைக்குப் புதிதாக ஓர் உதவியாளர் வந்திருக்கிறார், நாற்பது வயசு, ரொம்பப் பணிவு, புத்தகத்தில் போட்டிருப்பதைத் தவிர ஓர் ஆணியைக்கூடத் தொடமாட்டார், அத்தானுக்கு ஒரே சந்தோஷம் என்று சொன்னாயா இல்லையா? சொந்தப் புத்தியை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா, எல்லாம் கையேட்டில் இருக்கிறது என்றுதானே அத்தான் ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுக்கிறார்? வருஷாந்திரச் சுத்தம் முடிந்து வருகிற திங்கட்கிழமை கொதிகலனைத் திரும்பப் பற்றவைக்கப் போகிறார்கள் என்பதும் நீ சொன்னதுதான். நினைத்துப் பார். அத்தான் ஏதோ வேலையாக அந்தப் பக்கம் போயிருக்கிறார். நீராவி அழுத்தம் காட்டுகிற முள் சிவப்புக் கோட்டைத் தாண்டுகிறது. அந்தப் பணிவான மனுஷன் ஓடிப்போய்க் கையேட்டை எடுத்து முப்பத்து மூன்றாம் பக்கத்தைப் பிரிக்கிறான். "ஏறுவது ஏறட்டும், தடுக்க நீ யார்" என்று போட்டிருக்கிறது. சரி என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துடறான் அக்கா! உக்காந்துடறான்! அத்தான் ஒண்ணும் தெரியாம உள்ள வரார்!

அஞ்சு நாளா எனக்குச் சோறு இறங்கல. தெருவுல யாராவது குக்கர் விசில் விட்டாக்கூட நான் மேஜைக்கு அடியில போய்ப் பூந்துக்கறேன். இங்கே பேப்பர் படிக்க வருகிறவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். இந்தப் பக்கத்திலும் நிம்மதி இல்லை. அந்த எழுத்தாளர் உயிரோடுதான் இருக்கிறாராம், எண்பத்தைந்து வயசாம். நூலகர் அம்மா எப்படியோ தேடிப் பிடித்து இந்தச் சனிக்கிழமை வட்டத்துக்கு வரச் சொல்லிவிட்டார். நாளை மறுநாள்! அவர் கையில் கொடுப்பதற்காகப் புத்தகத்தை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டார். நானே பிரித்து மாற்றிவிடலாம் என்றாலும் வழியில்லை, மாற்றுவதற்கு அந்தப் பதினாறு பக்கமும் என்னிடம் இல்லை. எழுத்தாளர் புரட்டுவார், முப்பத்து மூன்றாம் பக்கத்தில் நிற்பார், எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். என் நாற்காலி போய்விடும். தையல்கடை அம்மா முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? ஆனாலும் அக்கா, நாற்காலி போனால் போகிறது, நின்றுகொண்டே தைத்த காலம் எனக்குப் புதிதில்லை. அத்தானுக்கு ஒன்று ஆகிவிட்டால் உன் முன்னால் வந்து நிற்க எனக்குக் கால் வராது. அதுதான் பயம். மற்றதெல்லாம் வெட்கம்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இதுதான். இந்தக் கடிதம் சனிக்கிழமை கையில் கிடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமைக்குள் எதையாவது சொல்லி அந்தக் கையேட்டை வீட்டுக்கு வரவழைத்துவிடு. அட்டையில் பூச்சி இருக்கிறது என்று சொல். என் பெயரை மட்டும் சொல்லாதே. இல்லை, வேண்டாம், என் பெயரையே சொல்லிவிடு. உன் தம்பி ஒரு முட்டாள், அவன் தைத்ததை நம்பி நெருப்பைப் பற்றவைக்காதீர்கள் என்று அத்தான் முகத்துக்கு நேராகவே சொல். அவர் ஏற்கெனவே தையல் கோணல் என்ற கோபத்தில்தான் நாலு மாதமாக என்னோடு பேசாமல் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். இதோடு ஆயுசுக்கும் பேசமாட்டார். பேசாவிட்டால் பரவாயில்லை. இருமிக்கொண்டு நல்லபடியாக இருந்தால் போதும்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். முழங்கால் வலிக்குச் சொன்ன தைலத்தை விடாமல் தேய். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அத்தானுக்கு எட்ட நின்றபடியே என் நமஸ்காரங்கள்.

உன் பிரியத்துக்கும் இனிமேல் வரப்போகிற கோபத்துக்கும் உரிய,
தம்பி

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை காலை. மேலே எழுதியிருப்பதில் ஒன்றுகூட இப்போது செல்லாது. கடிதத்தை நான் போடவே இல்லை. தபால் பெட்டி வரைக்கும் மூன்று தடவை போனேன். கை உள்ளே போயிற்று, விரல் விடமாட்டேன் என்றது. நேற்று வட்டம் கூடும்போதும் அது என் சட்டைப் பையில்தான் இருந்தது. திட்டாதே, முழுக்கப் படி.

எழுத்தாளர் வந்தார். மெலிந்த மனிதர், மென்மையான குரல். டாக்டர் மூன்றாவது அத்தியாயத்தை எடுத்துப் புகழ ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "அதை எழுதும்போது எனக்கு நல்ல காய்ச்சல். யாரோ பக்கத்துல நின்னு அதட்டி அதட்டி எழுதவெச்ச மாதிரி இருந்தது" என்றார். எல்லோரும் சிலிர்த்துப் போனார்கள். எனக்கும் ஒரு கணம் பிழைத்தோம் என்று இருந்தது. அப்போது வாசலில் ஒரு இருமல் கேட்டது. நான் எழுந்து நின்றேன். கையில் அந்தக் கையேட்டோடு அத்தான் நிற்கிறார் அக்கா! உன்னிடம் வேறு ஆலையில் பழுது பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். என்னைப் பார்க்கக்கூட இல்லை. நேராக வந்து காலி நாற்காலியில் உட்கார்ந்தார். டாக்டர் விடாமல், "'இரண்டடி தள்ளி நில்'னு சொன்னீங்களே ஐயா, அந்த இரண்டு எதைக் குறிக்குது?" என்று கேட்டார்.

"நாலடி" என்றார் அத்தான். "ரெண்டடின்னு தப்பா அச்சாயிருக்கு. எத்தனை தடவை சொல்லியும் மாத்தல. ரெண்டடியில நின்னா முகம் மிஞ்சாது."

பிறகு என்ன, எல்லாம் வெளியில் வந்துவிட்டது. அத்தான் கையேட்டைப் பிரித்துக் காட்டினார், நூலகர் அம்மா நாவலைப் பிரித்துக் காட்டினார், நான் நடுவில் நின்று கையைக் கூப்பினேன். டாக்டர் தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்தாளர் கண்ணாடியைப் போட்டு அத்தானின் பக்கங்களை ஆற அமரப் படித்தார். "நான் எழுதலையா இதை? நல்லவேளை. இவ்வளவு நல்லா எழுதத் தெரிஞ்சவன் அதோட ஏன் எழுதறதை நிறுத்தினேன்னுதான் நூலகர் அம்மா ஃபோன்ல வாசிச்சுக் காட்டினதிலேர்ந்து யோசிச்சுட்டிருந்தேன்" என்று சொல்லிச் சிரித்தார். அப்போது தையல்கடை அம்மா அத்தானிடம் கேட்டார், "ஐயா, நெருப்பைக் குறைச்சுட்டுக் காத்திருன்னு போட்டிருக்கீங்க. எவ்வளவு நாள் காத்திருக்கணும்னு போடலியே?" இது கொதிகலன் விஷயம் என்று தெரிந்த பிறகும் கேட்டார். அத்தானுக்கு அவர் மகளைப் பற்றி என்ன தெரியும்? வேலையில் இருக்கிற ஆளிடம் சொல்கிற மாதிரியே சொன்னார். "புறங்கையை வெச்சுப் பாருங்க. சுட்டுச்சுன்னா இன்னும் நேரம் ஆகல. சுடலேன்னா உடனே தண்ணிய விட்டுடணும். ஆறினதுக்கு அப்புறமும் சும்மா போட்டு வெச்சா துருப்பிடிச்சுடும்." அந்த அம்மா கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஃபோனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். "நான்தாம்மா" என்று அவர் சொல்வது உள்ளே கேட்டது. அதற்குப் பிறகு ரொம்ப நேரம் உள்ளே வரவில்லை.

கொதிகலனுக்கு ஆபத்து இல்லை. அத்தான் புத்தகம் மாறியதை முதல் நாளே கண்டுபிடித்து, வேறு பிரதியை ஆணியில் மாட்டிவிட்டாராம். நூலகர் அம்மா என் நாற்காலியை எடுக்கவில்லை. இனிமேல் எதையும் படிக்காமல் தைக்கக் கூடாது என்று மட்டும் உத்தரவு. இதை அத்தான் பையிலேயே ஒட்டி வைத்து அனுப்புகிறேன். பிரித்துப் பார்க்கமாட்டார், அவருக்கு வழியில் படிக்க நூலகர் அம்மா இரவல் கொடுத்த நாவல் இருக்கிறது. நேற்று சாயங்காலத்திலிருந்து என் மேஜையில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, மூன்றாவது அத்தியாயம் வந்ததும் கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு படிக்கிறார், முடிந்ததும் மறுபடி நாவலுக்குத் தாவுகிறார். நாலு மாதமாக ஷிஃப்ட் இடைவேளையில் அந்தப் பதினாறு பக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறார். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவன் கடைசியில் எழுந்தானா இல்லையா என்று தெரியாமல் இருக்க முடியவில்லையாம், அதைக் கேட்கத்தான் வந்தாராம்.

"அப்ப என் ஃபோனை ஏன் எடுக்கல அத்தான்?" என்று கேட்டேன். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார், "எடுத்தா, தப்பு நடந்துபோச்சு, அந்தப் பதினாறு பக்கத்தைத் திருப்பிக் குடுங்கன்னு கேட்டுடுவியோன்னு பயமா இருந்துச்சு."

முப்பத்தோரு வருஷமாக நான் அவருக்குப் பயந்துகொண்டிருக்கிறேன் அக்கா. நாலு மாதமாக அவர் எனக்குப் பயந்துகொண்டிருந்திருக்கிறார். நான் தேநீர் போட்டு அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, என் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் இருமினார். நான் எழுந்திருக்கவில்லை.